பழைய துப்பறியும் நாவலின் மேலுறை: அசலைக் கண்டுபிடிப்பதும் காப்பாற்றுவதும்

கேள்வி: லண்டன் போனபோது பழைய புத்தகக் கடையில் 1930களைச் சேர்ந்த, காலின்ஸ் பதிப்பகத்தின் ‘கிரைம் கிளப்’ துப்பறியும் வரிசை நாவல் ஒன்றை மேலுறையோடு வாங்கினேன். மேலுறை அசல் என்கிறார் கடைக்காரர். எப்படி உறுதிசெய்வது? முதுகின் மேல்பகுதி கிழிந்திருக்கிறது. உள்ளே பழைய செலோ டேப் ஒட்டியிருக்கிறது. லேமினேட் செய்யலாமா? வீடு சென்னையில்.

பதில்: லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கெடாமல் திரும்ப உரிக்க முடியாது. அதோடு அந்த மேலுறையின் சேகரிப்பு மதிப்பும் போய்விடும். அந்தக் காலத்தில் மேலுறையை வெறும் தூசுக் காகிதமாகத்தான் பார்த்தார்கள். வாங்கியவர்களில் பலர் கழற்றி எறிந்தார்கள். தப்பிப் பிழைத்தவை கொஞ்சம் என்பதால், முதல் பதிப்பின் விலையில் பெரும்பங்கு இந்த ஒற்றைத் தாளுக்குத்தான். நகல் மேலுறைகளும், வேறொரு பிரதியிலிருந்து கழற்றிப் போட்டவையும் சந்தையில் உலவுவது அதனால்தான்.

முதலில் காகிதமும் அச்சும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்து, படத்தை விட்டுவிட்டு எழுத்தைப் பாருங்கள். படத்தில் புள்ளிகள் தெரிவது 1930களின் வண்ண அச்சிலும் உண்டு. அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் பழைய அச்சில் எழுத்து முழுக் கறுப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். ஸ்கேன் செய்து எடுத்த நகலில் எழுத்தே சிதறிய வண்ணப் புள்ளிகளாக உடைந்து தெரியும். அடுத்து, மேலுறையில் தெரியும் சுருக்கங்களை விரல் நுனியால் லேசாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரிகிற சுருக்கம் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால், அது அச்சில் வந்த சுருக்கம். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தும் பார்க்கலாம். காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் பரவலாகக் கலக்கத் தொடங்கியது 1950களில்தான். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது போருக்கு முந்தைய தாள் அல்ல. ஒளிராவிட்டால் அசல் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

தாள் பழையதுதான் என்றாலும், அது இந்த அச்சுக்கு உரியதா என்பது வேறு கேள்வி. 1930களில் பிரிட்டனில் புது நாவலின் வழக்கமான விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். முதுகில் 7/6 என்று இருக்கும். அதே படத்தோடு 3/6, 2/6 என்று மலிவுப் பதிப்புகளும் வந்தன. விலை இருந்த இடம் வெட்டப்பட்டிருந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். பின்பக்கத்திலும், அட்டைக்கு உள்ளே மடங்கும் மடிப்புகளிலும் உள்ள விளம்பரங்களைப் படியுங்கள். 1934இல் வந்த நாவலின் மேலுறையில் 1937இல் வெளியான நூலுக்கு விளம்பரம் இருந்தால், அது பின்னாளைய அச்சின் மேலுறை.

கடைசியாக, உறையும் புத்தகமும் ஒன்றாகவே வளர்ந்தனவா என்று பாருங்கள். இந்தச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புவேன். உங்கள் உறையில் முதுகின் மேல்பகுதி கிழிந்திருக்கிறது அல்லவா? அந்தத் துண்டே இல்லையென்றால், அதே அளவுக்கு, அதே வடிவில் கீழே உள்ள துணி அட்டை வெளுத்தோ அழுக்கேறியோ இருக்க வேண்டும். உறை மூடியிருந்த இடம் பளிச்சென்றிருக்கும். அட்டையின் உள்தாளில் மடிப்பின் நிழல் பழுப்பாக விழுந்திருந்தால், அதன் அகலம் உங்கள் மடிப்போடு பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள்.

இனி டேப். அதன் ரப்பர் பசை நாளடைவில் பழுப்பாகி, எண்ணெய் போல் தாளுக்குள் இறங்கும். காய்ந்து தானாக உதிர்கிற டேப்பை மட்டும் எடுங்கள். பிசுபிசுப்பாக ஒட்டியிருப்பதைத் தொடாமல் காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். பெட்ரோல், அசிட்டோன் போட்டால் மையும் சேர்ந்து கரையலாம்.

கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாள் போதும். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நிற்கும்; அதுதான் பிடிமானம். கிழிசலைவிடச் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். கோதுமைப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. சென்னை வீட்டில் மெத்தில் செல்லுலோஸ் தூளில் செய்த பசை நல்லது. 100 மில்லி தண்ணீரில் 4 கிராம் தூளைக் கலந்து ஓர் இரவு ஊறவிடுங்கள். பசையை உறையில் தடவாமல் ஜப்பானியத் தாளில் மட்டும் மெல்லியதாகத் தடவி, உட்பக்கத்தில் ஒட்டி, ஒற்றுத்தாள் வைத்துப் பளு ஏற்றுங்கள். ஈரம் கூடினால் சிவப்பு மை கசியும், நீர்க்கறை வளையம் விழும். அதனால் முதலில் மடிப்பின் ஓரத்தில், ஈரத்தைப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் தொட்டுச் சாயம் வருகிறதா என்று பாருங்கள்.

மேலே போட 50 மைக்ரான் பாலியெஸ்டர் தாள் வாங்குங்கள். பிவிசி வேண்டாம், அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். உறையின் உயரம் 19 சென்டிமீட்டர் என்றால் 25.2 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, மேலும் கீழும் 3 சென்டிமீட்டர் மடித்து, உறையை உள்ளே செருகுங்கள். மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஓரம் நசுங்கும். எங்கும் ஒட்ட வேண்டாம். காற்றுப் புகாமல் மூடினால் உள்ளே சிக்கிய ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் படாத அலமாரியில் வையுங்கள். கடையிலும் வீட்டிலும் புத்தகம் முதுகைக் காட்டித்தான் நிற்கும்; முதலில் வெளுப்பதும் அதுதான், அதிலும் சிவப்பு. பதிப்பகங்கள் அந்தக் குறுகிய பட்டைக்குக் கொடுத்த உழைப்பை நிதானமாகப் பாருங்கள். கோலன்ஸ் பதிப்பகத்துக்கு அச்செழுத்து வடிவமைப்பாளர் ஸ்டான்லி மோரிசன் படமே இல்லாமல், மஞ்சள் தாளில் எழுத்தை மட்டும் வைத்து ஒரு பாணியையே உருவாக்கினார். காலின்ஸ் படங்களை நம்பியது. 1937இல் வந்த அகதா கிறிஸ்டியின் ‘டெத் ஆன் தி நைல்’ நாவலின் உறையை வரைந்த ராபின் மெக்கார்ட்னி, கிறிஸ்டியின் கணவர் மேக்ஸ் மேலோவனின் அகழாய்வுகளில் வேலை செய்த கட்டடக் கலைஞர். உங்கள் உறையிலும் ஓவியரின் கையெழுத்து இருக்கிறதா என்று படத்தின் கீழ் மூலைகளில் அந்த லென்ஸை வைத்தே தேடுங்கள். பெயர் கிடைத்தால் அவர் வரைந்த மற்ற உறைகளையும் தேடிப் பிடிக்கலாம்.