கல்லூரி மாணவர்களிடம் மனச்சோர்வு ஆய்வு: கூகுள் ஃபார்மில் "சம்மதிக்கிறேன்" டிக் மட்டும் போதுமா?

கேட்டிருப்பது இதுதான்: முதுகலை உளவியல் கடைசி ஆண்டு. கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வு பற்றி ஆய்வேடு. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி வினாத்தாளான பிஎச்கியூ-9-ஐக் கூகுள் ஃபார்மில் ஏற்றி வாட்ஸ்ஆப் குழுக்களில் அனுப்பத் திட்டம். முதல் பக்கத்தில் "சம்மதிக்கிறேன்" என்று ஒரு டிக். ஆய்வு அறத்துக்கு இது போதுமா?

போதாது. டிக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வியைப் படியுங்கள். செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தோன்றியது என்று அது கேட்கிறது. 0 என்றால் ஒருநாளும் இல்லை, 3 என்றால் ஏறக்குறைய தினமும். இரவு பதினொன்றரை மணிக்கு விடுதி அறையில் ஒரு மாணவி 3-ஐத் தொட்டு அனுப்புகிறாள். "உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது" என்று திரையில் வருகிறது. அவ்வளவுதான். பத்து நாள் கழித்து எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றுவதற்காக நீங்கள் ஷீட்டைத் திறக்கும்போது அது அறுபத்து நாலாவது வரிசை. பெயர் இல்லை, எண் இல்லை. தெரிந்தும் எதுவும் செய்ய முடியாத இடத்தில் நிற்பீர்கள்.

இதற்கு நேர்மையான வழி இரண்டு உண்டு. பெயர் தெரியாத கணக்கெடுப்புதான் வேண்டும் என்றால் பிஎச்கியூ-8-ஐ எடுங்கள். ஒன்பதாவது கேள்வியை மட்டும் நீக்கிய வடிவம் அது. மொத்தம் 24 மதிப்பெண். 10-ம் அதற்கு மேலும் என்றால் மனச்சோர்வு இருக்கலாம் என்ற எல்லைக்கோடு அப்படியே பொருந்தும். பதிலளித்தவரைத் தொடர்புகொள்ள முடியாத கணக்கெடுப்புகளில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆய்வின் மதிப்பு இதனால் குறையாது. தற்கொலை எண்ணமே உங்கள் ஆய்வுக் கேள்வி என்றால் பிஎச்கியூ-9 வேண்டும். அப்போது தொடர்பு எண் வாங்க வேண்டும், வரும் பதில்களை அன்றன்றைக்கே ஒருவர் பார்க்க வேண்டும், 1 அல்லது அதற்கு மேல் குறித்தவரிடம் யார் பேசுவது, எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்பது ஆய்வு தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். இப்படிப் பதில்கள் பார்க்கப்படும், தேவைப்பட்டால் அழைப்போம் என்பதை ஒப்புதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எந்த வழியானாலும் கடைசிப் பக்கத்தில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416 எல்லோருக்கும் தெரிய வேண்டும். பதிலைப் பொறுத்து உதவிப் பக்கத்துக்குத் திருப்பலாம் என்று நினைத்தால், கூகுள் ஃபார்மில் அட்டவணை வடிவில் (கிரிட்) வரும் கேள்விகளில் அந்த வசதி இல்லை; ஒன்பதாவது கேள்வியைத் தனியாக, பல விடைகளில் ஒன்றை மட்டும் தேரும் (மல்டிபிள் சாய்ஸ்) கேள்வியாகப் பிரித்தால்தான் நடக்கும்.

அடுத்து வயது. இதில்தான் முதுகலை ஆய்வுகள் பல சறுக்குகின்றன. "கல்லூரி மாணவர்கள் என்றாலே மேஜர்" என்று எழுதிவிடுகிறார்கள். பிளஸ் டூ முடித்து ஜூன், ஜூலையில் சேரும் முதலாண்டு மாணவர்களில் நிறையப் பேருக்குப் பதினேழுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி 18-க்குக் கீழ் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், கூடவே 12 முதல் 18 வரை உள்ளவரின் எழுத்துபூர்வமான இசைவும் வேண்டும். ஆகவே ஃபார்மின் முதல் கேள்வியே வயதாக இருக்கட்டும். 18 நிரம்பாதவர் நன்றிப் பக்கத்துக்குப் போய்விடட்டும். அல்லது இரண்டாமாண்டு முதல் மட்டும் எடுத்து, அங்கேயும் வயதைக் கேளுங்கள். பதினேழு வயதுக்காரரை நேர்காணல் செய்யப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக அவர் சொன்னால் 2012 போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி நீங்கள் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். "நீங்கள் சொல்வது வெளியே போகவே போகாது" என்று அவரிடம் சத்தியம் செய்துவிடாதீர்கள். எதுவரை ரகசியம், எங்கே அது முடிகிறது என்பதைப் பேச்சு தொடங்கும் முன் சொல்லுங்கள்.

இனி அந்த டிக். ஒப்புதல் என்றால் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். வகுப்பாசிரியர் குழுவில் லிங்கைப் போட்டு "எல்லோரும் இன்றைக்குள் நிரப்பிவிடுங்கள், நிரப்பியவர்கள் தம்ஸ் அப் போடுங்கள்" என்று எழுதினால் அந்த வகுப்பில் ஒப்புதல் செத்துவிட்டது. இன்டர்னல் மார்க் போடுபவர் கேட்கும்போது யாரும் மறுக்க மாட்டார்கள். காகிதத்தில் நடத்தினால் ஆசிரியர் வெளியே போகட்டும். நிரப்பியதோ வெறும் தாளோ, எல்லோரும் மடித்து ஒரே பெட்டியில் போடட்டும். யார் மறுத்தார்கள் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஃபார்மில் நடத்தினால் லிங்க் உங்களிடமிருந்து போகட்டும், துறையிலிருந்து வேண்டாம்.

பாதியில் விலகும் உரிமையும் அப்படித்தான். ஆய்வாளர் சொன்னால் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய கீழ்ப்படிதல் சோதனையை உளவியல் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்பதைத்தான் மனப்பாடம் செய்கிறோம். நிறுத்த விரும்பியவரிடம் ஆய்வாளர் படிப்படியாகச் சொன்ன நாலு வாக்கியங்களையும் சேர்த்துப் பாருங்கள்: "தயவுசெய்து தொடருங்கள்", "நீங்கள் தொடர்வது சோதனைக்குத் தேவை", "தொடர்வது மிக மிக அவசியம்", "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்". உளவியலாளர் டயானா பாம்ரைண்ட் 1964-லேயே இந்த ஆய்வைக் கடுமையாகக் கண்டித்தார். உங்கள் ஃபார்மில் ஒவ்வொரு கேள்விக்கும் "கட்டாயம்" என்ற பொத்தானை இயக்கி வைப்பது அந்த நாலாவது வாக்கியத்தின் சின்ன வடிவம்தான். அதை அணைத்தால் விடுபட்ட பதிலால் கூட்டல் கெடும் என்ற கவலை நியாயமானது. ஒவ்வொரு கேள்விக்கும் "பதில் சொல்ல விரும்பவில்லை" என்று ஒரு தேர்வு வையுங்கள். அப்போது தவறி விட்டதும் வேண்டுமென்றே விட்டதும் தனித்தனியாகத் தெரியும்.

அனுப்பிய பிறகு மனம் மாறினால்? பெயரில்லாத பதிலைத் தேடி அழிக்க முடியாது. அதனால் அவரே ஒரு குறியீடு போடச் சொல்லுங்கள், உதாரணமாக அம்மாவின் பெயரில் முதல் எழுத்து, பிறந்த தேதி, வீட்டுக் கதவு எண்ணின் கடைசி இலக்கம். எந்தத் தேதிவரை அந்தக் குறியீட்டைச் சொல்லி நீக்கச் சொல்லலாம் என்பதையும் எழுதுங்கள்.

ஒப்புதலின் மொழி. "இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்பதற்கு இதன்மூலம் எனது முழுமையான இசைவினை அளிக்கிறேன்" என்ற வாக்கியத்தை யாரும் படிப்பதில்லை, ஸ்க்ரோல் செய்கிறார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "இதில் சோகம், தூக்கம், உயிரோடு இருக்கப் பிடிக்காமல் போவது பற்றியெல்லாம் கேள்விகள் வரும். பத்து நிமிடம் ஆகும். பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டாம். உங்கள் மார்க்குக்கும் வருகைப் பதிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை." பதில்கள் மாறிவிடும் என்று பயந்து "பொது நலன் பற்றிய கணக்கெடுப்பு" என்று தலைப்பை மூடி வைப்பார்கள் சிலர். அப்படி மறைப்பதும் ஏமாற்றுதான். மனச்சோர்வு ஆய்வில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

அடையாளம் பெயரில் மட்டும் இல்லை. பாலினம், துறை, ஆண்டு, விடுதி, சொந்த மாவட்டம், சமூகம் என்று ஆறு கேள்வி கேட்கிறீர்கள். மெக்கானிக்கல் இரண்டாமாண்டில் மூன்றே பெண்கள், அதில் விடுதியில் இருப்பவர் ஒருவர், ஊர் நீலகிரி. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் ஷீட்டைத் திறந்த நிமிடமே அவர் யார் என்று தெரிந்துவிடும், மதிப்பெண் 19 என்றும் தெரிந்துவிடும். உங்கள் கருதுகோளுக்கு எது தேவையோ அதை மட்டும் கேளுங்கள். மின்னஞ்சல் சேகரிப்பை அணையுங்கள். ஷீட்டில் நேர முத்திரை தானாக விழும்; பகிரும் முன் அந்தப் பத்தியை நீக்குங்கள். அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவான பிரிவுகளைச் சேர்த்துக் காட்டுங்கள். நேர்காணலைப் போனில் பதிவு செய்தால் அது தானாக கிளவுடுக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

மருத்துவமனை நோயாளிகளையும் சேர்க்க நினைத்தால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-வது பிரிவு வருகிறது. வெறும் நேர்காணலுக்கும் நோயாளியின் சுதந்திரமான ஒப்புதல் வேண்டும். முதுகலை ஆய்வுக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

இவை எல்லாவற்றையும் எழுதி நெறிமுறைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழுவில் 7 முதல் 15 பேர், தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து, சட்டம் தெரிந்த ஒருவரும் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். துறைத்தலைவர் போடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் குழுவை ஒப்பந்தம் போட்டுப் பயன்படுத்தலாம். மேலே சொன்ன 2017 வழிகாட்டு நெறிகளில் அதற்கு இடமுண்டு. அனுமதி பின்தேதியிட்டுக் கிடைக்காது, அதற்கு முன் வந்த பதில்களை ஆய்வில் சேர்க்கவும் முடியாது.

லிங்கை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இப்போதே பதில் ஏற்பதை நிறுத்துங்கள். மூடிய ஃபார்மில் காட்டும் செய்தியில் 14416-ஐப் போடுங்கள், அதே குழுக்களிலும் அனுப்புங்கள். ஷீட்டைத் திறந்து ஒன்பதாவது கேள்வியின் பத்தியை மேலிருந்து கீழ் வரை பாருங்கள். 0 தவிர வேறு எண் ஒன்றாவது இருந்தால், பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், இன்று மாலைக்குள் உங்கள் வழிகாட்டியிடமும் கல்லூரி ஆலோசகரிடமும் நேரில் சொல்லுங்கள்.