பித்தளைத் தகட்டில் கப்பல் உறுப்புகள்: கேட்டதும் சொன்னதும்

மாதிரிக் கப்பல் கட்டும் நண்பர்கள் பித்தளை எட்சிங் பற்றி, அதாவது தகட்டில் வேண்டாத இடத்தை ரசாயனக் கரைசலால் அரித்து உறுப்புகளை எடுப்பது பற்றிக் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். பலரும் கட்டிக்கொண்டிருப்பது 1:72 அளவில் விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பல், அல்லது 1:350 அளவில் டைட்டானிக். அதனால் உதாரணங்களும் அவற்றிலிருந்தே.

அண்ணா, நான் இதற்குப் புதிது. அமிலத்தில் தகட்டைப் போட்டு எடுப்பதுதானே எட்சிங்? வீட்டில் முடியுமா?

முடியும். ஆனால் தகட்டைக் கரைசலில் போடுவது கடைசி அரை மணி நேர வேலை. அதற்கு முன் படம் வரையவே எனக்கு இரண்டு வாரம் போகும்.

தகட்டின் இரண்டு பக்கமும் ஃபோட்டோ ரெசிஸ்ட் ஃபிலிம், அதாவது ஒளி பட்டால் இறுகும் படலம் ஒட்ட வேண்டும். ஓ.எச்.பி. ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சடித்த படத்தை அதன்மேல் வைத்து புற ஊதா விளக்கில் காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் சலவை சோடாத் தண்ணீரில் கரைந்து போகும். லிட்டருக்கு 10 கிராம் சோடா போதும். அப்படித் திறந்துகொண்ட பித்தளையைத்தான் எட்சிங் கரைசலான ஃபெரிக் குளோரைடு தின்கிறது. ஆகவே படத்தில் உறுப்பு மையில்லாமல் ஒளி புகும்படியும், தின்ன வேண்டிய இடம் கறுப்பாகவும் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக அச்சடித்து, ஏணிக்குப் பதில் ஏணி வடிவ ஓட்டைகளோடு ஒரு தகட்டை எடுத்தவன் நான்.

டைட்டானிக் ரெயிலிங்குக்கு எத்தனை மில்லிமீட்டர் தகடு வாங்கலாம் சார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 269 மீட்டர் கப்பல் 1:350-இல் 77 செ.மீ. ஆகிறது. இடுப்பளவு, அதாவது 1 மீட்டர் சொச்சம் உயரமுள்ள ரெயிலிங் 3 மி.மீ. ஆகிறது. அதிலுள்ள 2.5 செ.மீ. கம்பி 0.07 மி.மீ. ஆகிறது. தகட்டின் தடிமனைவிட மெல்லிய கோட்டை நம்பி எட்ச் செய்ய முடியாது என்பது இந்த வேலையின் அடிப்படை விதி. 0.1 மி.மீ. தகடு எடுத்து, கம்பியையும் 0.1 ஆகவே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தடிப்புதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. விக்டரியின் பீரங்கி வாசல் கீல்களுக்கு 0.2 சரியாக இருக்கும்.

0.2 மி.மீ. என்று சரியாகத்தான் வரைந்தேன். வெளியே எடுத்தால் நூல் மாதிரி வருகிறது, சில இடத்தில் காணவே இல்லை. கரைசல் கெட்டுவிட்டதா?

கரைசல் மேல் குற்றமில்லை. அது கீழ்நோக்கி மட்டும் தின்னாது, ஃபிலிமுக்கு அடியில் புகுந்து பக்கவாட்டிலும் தின்னும். 0.2 தகட்டை இரண்டு பக்கமிருந்தும் தின்றால் ஒவ்வொரு பக்கமும் 0.1 ஆழம் போக வேண்டும். அதற்குள் கோட்டின் ஒவ்வொரு ஓரத்திலும் ஏறக்குறைய 0.05 போய்விடும். இரண்டு ஓரமும் சேர்த்தால் 0.1, அதாவது நீங்கள் வரைந்ததில் பாதி. எனவே 0.2 வேண்டுமென்றால் 0.3 வரையுங்கள். துளைக்கு இதே கணக்கு தலைகீழ்: வேண்டியதைவிடச் சிறியதாக வரைய வேண்டும்.

இந்த 0.05 என் தொட்டிக்கு வந்த கணக்கு. உங்கள் தொட்டியில் வேறாக இருக்கலாம். முதலில் 0.1 முதல் 0.5 வரை வரிசையாகக் கோடுகள் போட்டு ஒரு சோதனைத் துண்டு எட்ச் செய்து, வெர்னியரில் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு இல்லாமல் யாரும் விக்டரியில் கை வைக்க வேண்டாம்.

நேரம் நீள நீளப் பக்கவாட்டுச் சேதமும் கூடும். கரைசலை 40 முதல் 45 டிகிரி சூட்டில் வைத்து, மீன்தொட்டிக் காற்று பம்பால் கலக்கிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் முடியும். தகட்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்புங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளாஸ்டிக் தொட்டி மட்டும்தான். எவர்சில்வர் சிங்க் பக்கம் கொண்டு போகாதீர்கள். எங்கள் வீட்டு சிங்க்கில் இருக்கும் மஞ்சள் குழிகளைப் பற்றி இன்றுவரை பேச்சு நிற்கவில்லை.

முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்தவே மாட்டேன் என்கிறது.

இரண்டு ஷீட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மூலைக் குறிகளைப் பொருத்தி, மூன்று பக்கம் டேப் ஒட்டி உறை மாதிரி செய்துவிடுங்கள். தகட்டை அதற்குள் செருகினால் போதும். மை இருக்கும் பக்கம் தகட்டைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஒளி ஷீட்டின் தடிமன் வழியாக ஓரத்தில் கசிந்து கோட்டை மங்கடித்துவிடும்.

ஃபிலிம் பாதியிலேயே உரிந்து மிதக்கிறதே ஐயா?

தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும் பவுடரால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் முழுத் தகட்டிலும் ஒரே படலமாக நிற்க வேண்டும். அதன் பிறகு விரல் படக்கூடாது.

விக்டரியின் பின்புற விளக்கை ஒரே துண்டாக மடிக்கப் பார்த்தேன். மடிப்பில் உடைந்துவிட்டது.

பின்புற விளக்கு மூன்றும்தான் இந்தக் கப்பலில் எட்சிங்கின் ருசியே. மடிப்புக் கோட்டை ஒரு பக்கம் மட்டும் கறுப்பாக வரைய வேண்டும். பாதி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் விழும். அது மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். வெளிப்பக்கம் வந்தால் இழுபட்டு உடையும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

மேலே அகன்று கீழே குறுகும் விளக்கை விரித்தால் பட்டைகள் விசிறி போல வரிசையாக அமையும். ஆறு பட்டை என்றால் ஒவ்வொரு மடிப்பும் 60 டிகிரி. மடிக்குமுன் துண்டைச் சுடரில் காட்டி, மங்கிய சிவப்பு வந்ததும் எடுத்து ஆறவிடுங்கள், பித்தளை வளைக்கத் தோதாக மென்மையாகிவிடும். இருட்டறையில் செய்தால்தான் அந்தச் சிவப்பு தெரியும். வெளிச்சத்தில் செய்து ஒரு விளக்கை உருக்கியே விட்டேன். மடித்ததும் இணைப்பை உள்பக்கமாக சால்டர் செய்து, கடைசியில் கண்ணாடிக்கு மெல்லிய தெளிவான ஷீட்டை நுழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் சால்டர்தானா? சூப்பர் குளூ ஆகாதா?

ரெயிலிங்குக்கு ஆகும். இழுவிசை வரும் இடத்துக்கு, அதாவது பாய்மரக் கயிறு கட்டும் பட்டைகளுக்கு, ஆகாது.

விக்டரியின் அடிப்பகுதிச் செப்புத் தகடுகளையும் ஆணித் தலைகளோடு எட்ச் செய்யலாமா?

1780-இல் அந்தக் கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்தார்கள். தகடு 4 அடிக்கு 14 அங்குலம் என்று வைத்தால், 1:72-இல் 17 மி.மீ.க்கு 5 மி.மீ. வருகிறது. எட்ச் செய்யத் தோதான அளவுதான். ஆனால் ஆணி? அசலிலேயே தகட்டோடு தட்டையாக அடித்த ஆணி அது. மாதிரியில் புடைத்து நின்றால் கப்பலுக்கு அம்மை போட்டதுபோல இருக்கும். ஆணியே இல்லாமல் விடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

தீர்ந்துபோன கரைசலை எங்கே ஊற்றுவது?

எங்கேயும் ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் விஷம். கொஞ்சம் கொஞ்சமாகச் சலவை சோடா போட்டால் நுரைத்துக்கொண்டு வண்டல் இறங்கும். பெரிய வாளியில் செய்யுங்கள், பொங்கி வழியும். வண்டலை மூடிய டப்பாவில் வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? கடையில் டைட்டானிக் செட் தயாராகவே கிடைக்கிறதே?

தாராளமாக வாங்குங்கள். என் டைட்டானிக்கில் இருப்பதும் கடை ரெயிலிங்தான்.