கேள்வி-பதில்: கை இறுகினாலும் சென்ட் வாங்குகிறார்களே!

? வேலை போகுமோ என்று எல்லோரும் பயந்துகிடக்கும் நேரத்தில் சென்ட் விற்பனை ஏறும் என்கிறார்களே, நிஜமா?
- வாசகி, ஈரோடு

பாதி நிஜம். காரையும் நகையையும் தள்ளிப்போட்டவர்கள் ‘இதாவது இருக்கட்டும்’ என்று சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்வார்கள். 2001 பொருளாதாரச் சரிவின்போது எஸ்டீ லாடர் என்ற அமெரிக்க அழகுசாதன நிறுவனத்தின் தலைவர் லியோனார்ட் லாடர் லிப்ஸ்டிக் விற்பனையை வைத்து இப்படித்தான் சொன்னார். ஆனால் 2008-09 சரிவில் அமெரிக்காவில் உயர்ரக சென்ட் விற்பனை இறங்கவே செய்தது. கொரோனா காலத்தில் முகக்கவசத்துக்குள் லிப்ஸ்டிக் எடுபடவில்லை. 2021இல் சென்ட் எகிறியது. சூத்திரம் எதுவும் கிடையாது.

பழைய உதாரணம், பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் ழான் பட்டூ. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் அவருடைய அமெரிக்க வாடிக்கையாளர்கள் கவுன் வாங்குவதை நிறுத்தினார்கள். அவர் ‘ஜாய்’ சென்ட்டைக் கொண்டுவந்தார். 30 மில்லிக்கு 10,600 மல்லிகை, 28 டஜன் ரோஜா என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. ‘உலகிலேயே விலை உயர்ந்தது’ என்றே விளம்பரம்! கவுன் விலைக்கு முன்னால் அதுவும் மலிவுதானே.

? 100 மில்லி 3,000 ரூபாய். அதே சென்ட் 10 மில்லி 600 ரூபாய். சிக்கனம் எது?
- வாசகர், திருநெல்வேலி

மில்லிக்கு 30 ரூபாய், 60 ரூபாய். பெரியதுதான் மலிவு என்று தோன்றும். எத்தனை நாளில் தீர்ப்பீர்கள் என்று பாருங்கள். ஒரு அழுத்தலுக்குச் சுமார் 0.1 மில்லி வரும். தினமும் நான்கு முறை அடித்தால் 100 மில்லி 250 நாளில் காலி. தாராளமாகப் பெரியதை வாங்குங்கள். மாதம் இரண்டு விசேஷத்துக்கு மட்டும் என்றால் மாதத்துக்கு 0.8 மில்லிதான். அந்த பாட்டில் பத்து வருஷம் தாண்டும். அதற்குள் சென்ட் கெட்டுவிடும். பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று சேர்கிறது, நம் ஊர் வெயில் வேறு. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைதான் முதலில் போகும். பிறகு நிறம் கறுக்கும், அடித்தவுடன் புளித்த நெடி வரும். இப்படிப்பட்டவருக்கு 600 ரூபாய் பாட்டிலே லாபம், ஒரு வருஷம் ஓடும். ஜன்னலோரமோ குளியலறையோ வேண்டாம். அட்டைப்பெட்டியோடு பீரோவில் வையுங்கள். சாதாரண பிளாஸ்டிக் குப்பிக்கு மாற்றாதீர்கள், சென்ட்டில் உள்ள சாராயம் (ஆல்கஹால்) பிளாஸ்டிக் வாடையை இழுத்துக்கொள்ளும்.

வாங்குமுன் மணிக்கட்டில் அடித்து அரை மணி நேரம் கடைவீதியைச் சுற்றிவிட்டு வாருங்கள். முதல் பத்து நிமிட வாசனையை நம்பிப் பணம் கொடுத்தவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

? செலவைக் குறைக்க பாடி ஸ்பிரேக்கு மாறலாமா?
- வாசகர், சேலம்

மாறலாம், ஆனால் 150 மில்லி என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். டப்பாவில் பெரும்பங்கு, உள்ளே இருப்பதை வெளியே பீய்ச்சும் உந்துவாயுவும் சாராயமும், வாசனைப்பொருள் கொஞ்சம்தான். மதியத்துக்குள் இன்னொரு முறை அடிக்க வேண்டிவரும். ‘வாயு இல்லாதது’ என்று போட்டிருப்பது கூடுதல் நாள் வரும்.