கடை பில்லும் நீங்கள் ஏற்றிய ரேட்டும்

கேள்வி: திருச்சியில் வீடு கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் நான். "கடை பில் என்னவோ அது, அதற்கு மேல் எனக்கு 10 சதவீதம்" என்று வாட்ஸ்அப்பில் பேசி முடித்த வேலை. கம்பியிலும் டைல்ஸிலும் ரேட் ஏற்றினேன் என்று ஓனர் கடைசித் தவணை 4.5 லட்சத்தை நிறுத்திவிட்டார். வழக்கு போடலாமா?

பதில்: வேலையாட்கள் முன்னால் திருடன் என்றார், கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடவில்லை என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்டில் அதற்கு வேலை இல்லை. "கடை பில் என்னவோ அது" என்ற அந்த ஒரு வரியைத்தான் பார்ப்பார்கள்.

மெட்டீரியலோடு சதுர அடி ரேட் பேசியிருந்தால், கம்பியில் எவ்வளவு வைத்தாய் என்று அவர் கேட்கவே முடியாது. நீங்கள் பேசியது அப்படி இல்லை. அவருக்காக வாங்கிக் கணக்குக் காட்டும் ஏஜென்ட் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அவருக்குத் தெரியாமல் எடுத்த லாபத்தைத் திருப்பிக் கேட்க ஒப்பந்தச் சட்டம் 216-வது பிரிவைப் பிடித்துக்கொள்வார். டைல்ஸ் கடை கொடுத்த கமிஷனும் அதில் சேரும்.

வழக்குப் போட 3 வருடம் இருக்கிறதே என்கிறீர்கள். சரி, இருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறு: "ரேட்டைக் கூட்டிப் போட்ட பில் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன்." அந்த பில்லைக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிடாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர், என்னிடம் வருவதற்கு முன்பே, இதைச் செய்திருந்தார். எதிர்த்தரப்பு கடைக் கணக்கை வரவழைத்தது. ஜிஎஸ்டியில் காட்டிய தொகை வேறு. கடைக்காரர் "அவர்தான் அப்படிக் கேட்டார்" என்று கழன்றுகொண்டார். பாக்கி கேட்டுப் போனவர் ஏமாற்றுதல், போலி ஆவணம் என்று போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட பாக்கியும் இரண்டு லட்சத்துச் சில்லறைதான்.

அதனால் பேசி முடியுங்கள். ஏற்றியது 1.6 லட்சம் என்று உங்கள் கணக்கே சொல்கிறது. அதையும் கமிஷனையும் கழித்துக் கேளுங்கள். அவர் 2.5 லட்சத்துக்கு இறங்கி வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இரு தரப்புக்கும் இனி எந்தப் பாக்கியும், புகாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் பணத்தைத் தொடாதீர்கள். இல்லையென்றால் கையோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார், அங்கே நீங்கள் எதிர்மனுதாரர்.

ஏற்று இறக்குக் கூலி, சேதாரம், கடன் வட்டி என்று நீங்கள் சொல்லும் செலவெல்லாம் நியாயம்தான். அடுத்த வேலையில் அதையும் சேர்த்து 18 சதவீதம் என்று முதலிலேயே எழுதுங்கள். 10 சொல்லி 18 எடுத்ததுதான் இங்கே சிக்கல்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். அவர் போனிலும் அதே செய்தி இருக்கிறது.