பலதரப்பட்டவர்கள் வேலை செய்யும் குழுவில் 'உளவியல் பாதுகாப்பு' என்றால் என்ன?

தவறைச் சொன்னாலும், புரியவில்லை என்று கேட்டாலும் யாரும் மட்டம் தட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அது. ஹார்வர்ட் பேராசிரியர் எமி எட்மண்ட்சனின் 1999 ஆய்வுக்குப் பிறகு பரவலான சொல்.

மொழி, வயது, பின்னணி வேறுபடும்போது, 'நான் மட்டும் வேறு மாதிரி' என்று நினைப்பவர் வாய் திறக்கவே தயங்குவார். போன முறை ஓட்டுநர் எரிந்து விழுந்திருந்தால், பின்சீட்டில் இருப்பவர் பள்ளத்தைப் பார்த்தும் பேசாமல் இருப்பார் இல்லையா, அப்படி.

தலைவர் முதலில் முடிவைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதனால் நீங்கள் தலைவர் என்றால் கடைசியாகப் பேசுங்கள். "சரிதானே?" என்பதற்குப் பதில் "எங்கே இடிக்கும்?" என்று கேளுங்கள். அப்புறம், பதில் வரும்வரை சும்மா இருங்கள், கஷ்டமே இதுதான்.

உளவியல் பாதுகாப்பு என்றால் எல்லோரிடமும் இனிக்கப் பேசுவது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, வேலை சரியில்லை என்று நேராகச் சொல்வதும் இதில் சேர்த்திதான்.