அட்டையைத் திருப்பினால் நேரம் கூடாது: சூரிச் நகர மையத்தில் கார் நிறுத்துவது

தம்பி, நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான்: சூரிச் நகர மையத்தில் நீலக் கோட்டுக்குள் காரை விட்டீர்கள். வந்த நேரத்தை அம்புக்குறியால் காட்டும் நீல அட்டையும் வைத்தீர்கள். நேரம் முடிய முன்னர் ஓடிவந்து அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி கடைக்குப் போனீர்கள். வந்து பார்த்தால் 40 பிராங் தண்டம். பிழை எங்கே, இனிமேல் சனிக்கிழமைகளில் காரை எங்கே விடுவது, காசை எப்படிக் கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிழை அந்தத் திருப்பலில்தான். ஒருமுறை வைத்த நேரத்தை, கார் அந்த இடத்தை விட்டுக் கிளம்பும்வரை மாற்றக்கூடாது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சோதிக்க வருபவர்கள் அட்டையோடு சேர்த்துச் சில்லின் காற்று வால்வு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு போவதுண்டு. இரண்டாம் முறை வரும்போது அட்டை மாறியிருந்து வால்வு அப்படியே நின்றால் வேறு சாட்சி தேவையில்லை. காரைக் கோடு போட்ட பக்கத்துப் பெட்டிக்கு நகர்த்திவிட்டுப் புது நேரம் வைப்பதும் செல்லாது. அங்கிருந்து கிளம்பித் திரும்பவும் வீதியில் ஓடி வேறிடம் போக வேண்டும் என்பதுதான் விதி.

அட்டையை வைக்கும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். அம்புக்குறியை நீங்கள் வந்த நேரத்தில் வைப்பதில்லை. அதற்கு அடுத்து வரும் அரைமணிக் கோட்டில் வைக்க வேண்டும். 14:10க்கு வந்தால் அம்பு 14:30 கோட்டில் நிற்கும். நீலக் கோட்டில் நிற்க விடும் ஒரு மணித்தியாலம் அங்கிருந்துதான் தொடங்கும், ஆகவே 15:30 வரை நிற்கலாம். உண்மையில் கிடைப்பது 80 நிமிடம். 13:55க்கு வந்து 14:00 கோட்டில் வைத்தால் 65 நிமிடம்தான். நேரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் பிந்தி நுழைவது சில வேளைகளில் லாபம். மதியம் 11:30க்கும் 13:30க்கும் இடையில் வந்தால் 14:30 வரை விடலாம். மாலை 18 மணிக்குப் பிறகு வந்தால் மறுநாள் காலை 9 மணி வரை. சனிக்கிழமையும் வேலைநாள் கணக்குத்தான், அதை மறக்க வேண்டாம். ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் வராது, பலகையில் வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர. நேரத்தோடு தானாக நகரும் அட்டைகளை வாங்கவே வேண்டாம், அவை தடை. கடதாசி அட்டை போதும்; வெளியிலிருந்து வாசிக்கத்தக்கதாக முன்கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள்.

மற்ற நிறங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைக் கோடு என்றால் பக்கத்துப் பலகையை வாசித்துத்தான் முடிவு: பெரும்பாலும் காசு கட்ட வேண்டும், சில இடங்களில் அட்டையோடு இலவசம். மஞ்சள் பெட்டி வேறு யாருக்கோ ஒதுக்கியது, உங்களுடையது அல்ல. வீதியோரம் மஞ்சள் கோட்டில் பெருக்கல் குறி போட்டிருந்தால் ஆள் இறக்கவும் சாமான் ஏற்றவும் மட்டும் நிற்கலாம். கோடே இல்லாத இடம் என்றாலும் சந்தியிலிருந்து 5 மீற்றருக்குள்ளும், பாதசாரிக் கடவைக்கு முன் 5 மீற்றருக்குள்ளும் நிற்கக்கூடாது.

நகர மையத்தில் இடம் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. உள்நகரில் தரிப்பிட எண்ணிக்கை 1990ஆம் ஆண்டு அளவுக்கு மேல் கூடக்கூடாது என்று சூரிச் மாநகரம் 1996இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. நிலத்துக்குக் கீழே புதிய தரிப்பிடம் கட்டினால் மேலே வீதியில் இருந்த இடங்கள் குறைக்கப்பட்டன. அதனால் சனிக்கிழமை தெருத்தெருவாகச் சுற்றுவது பெற்றோலுக்கும் பொறுமைக்கும் கேடு. நீலக் கோடு ஒரு மணித்தியால அலுவலுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் நேரே பார்க்ஹவுஸுக்கு, அதாவது காசு கட்டிக் கார் விடும் கட்டடத்துக்குப் போவதுதான் என் கட்சி. வீதிகளில் உள்ள மின்பலகைகள் ஒவ்வொரு பார்க்ஹவுஸிலும் எத்தனை இடம் மிச்சம் என்று காட்டும். ஊரானியா, ஒபேரா, ஹோஹே புரொமனாட போன்ற பெயர்களைத் தேடுங்கள். நுழைய முன் உயர எல்லையைப் பாருங்கள், கூரைப் பெட்டியோடு வந்த கார் மாட்டிக்கொள்ளும். டிக்கெட்டைக் காருக்குள் விடாமல் கையோடு எடுத்துப் போங்கள். திரும்பி வந்ததும் காருக்குப் போகாமல், முதலில் ‘காஸ’ (காசு கட்டுமிடம்) என்று எழுதியிருக்கும் இயந்திரத்தில் கட்ட வேண்டும். கட்டிய பிறகு வெளியேறக் கொடுக்கும் நேரம் குறைவு. பொதிகளை ஏற்றிக்கொண்டு கதைத்துக்கொண்டு நின்றால் தடுப்புத் திறக்காது. பின்னால் வரிசை கட்டிய கார்களின் முகங்களைப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

வெள்ளைக் கோட்டில் காசு கட்டும்போது இயந்திரம் எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். சில இயந்திரங்கள் நிலத்தில் எழுதியிருக்கும் பெட்டி இலக்கத்தைக் கேட்கும், ஆகவே காரை விட்டு நகர முன் அதை மனதில் வையுங்கள். சில வாகன இலக்கத்தைக் கேட்கும். சில இன்னமும் கடதாசி டிக்கெட் தரும். அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க வேண்டும். அதிகபட்ச நேரத்துக்கு மேல் நிற்பதற்காக மறுபடி காசு போடுவதும் குற்றம். கட்டணம் என்பது இடம் வாங்குவதல்ல, பலகையில் உள்ள நேரத்துக்குள் நிற்க அனுமதி மட்டும்தான்.

பார்க்கிங்பே, ஈஸிபார்க், ட்விண்ட் போன்ற செயலிகளில் தொடக்கத்தையும் முடிவையும் நீங்களே அழுத்தலாம். நின்ற நேரத்துக்குத்தான் காசு, சிலவற்றில் சேவைக் கட்டணமும் சேரும். பிழைகள் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, பக்கத்து வீதியின் வலயத்தைத் தெரிவுசெய்வது. வரைபடம் காட்டுவதை நம்பாமல் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் வலய எண்ணைப் பார்த்து அடியுங்கள். மற்றது, செயலியில் பழைய வாகன இலக்கம் கிடப்பது. நண்பரின் காரையோ வாடகைக் காரையோ எடுத்துப் போகும் நாளில் காசு ஒரு காருக்குப் போகும், தண்டம் இன்னொரு காருக்கு வரும்.

நாள் முழுக்க நிற்க வேண்டுமென்றால் புறநகர் ரெயில் நிலையத்தின் தரிப்பிடத்தில் காரை விட்டு ரெயிலில் வாருங்கள், அதுவே மலிவு. வங்கியின் முற்றம், வீட்டுத்தொகுதியின் முன்புறம் போன்ற தனியார் நிலத்தில் “பத்து நிமிடந்தானே” என்று விடாதீர்கள். அங்கே நீதிமன்றத் தடைப் பலகை இருந்தால், சட்டப்படி 2000 பிராங் வரை தண்டம் விதிக்க முடியும்.

வந்த தண்டத்தை 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள். தவறினால் வழக்கு நடைமுறைக்குப் போய்ச் செலவும் சேரும். இரண்டு மணித்தியாலம் வரை நேரம் தாண்டினால் 40, நான்கு வரை 60, பத்து வரை 100 பிராங். காரை இன்னொருவர் ஓட்டியிருந்தால் அவருடைய பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கார் யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான் கட்ட வேண்டும்.