கிளைவ் வீட்டுக்கு அப்பாவை அழைத்துப்போகலாமா?

கேள்வி: வேலூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களைப் பார்க்க பர்மிங்காம் வருகிறார்கள். எல்லோருமாக ஒரு நாள் வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டைக்குப் போகலாம் என்றார் என் கணவர். ராபர்ட் கிளைவின் குடும்பம் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். “அடித்துக்கொண்டு போனதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா?” என்று போனிலேயே கோபித்துக்கொண்டார். அம்மாவுக்கு மூட்டுவலி. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 4. போகலாமா, விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, பர்மிங்காம்

பதில்: அவசியம் போய்வாருங்கள், சகோதரி. அப்பாவின் கோபத்தை ஆற்ற முயல வேண்டாம். அது நியாயமான கோபம். அந்த வீட்டை உங்கள் மகளுக்குச் சொல்லித்தர அவரைவிடத் தகுந்தவர் கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் ராபர்ட் கிளைவ் பெயரெடுத்தது உங்கள் பக்கத்து ஊரில்தான். 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தார், 1757இல் வங்காளத்தில் பிளாசிப் போரை வென்றார். அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ், போவிஸ் பரம்பரையைச் சேர்ந்த ஹென்ரியெட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். கடனிலும் பராமரிப்பின்றியும் கிடந்த அந்தப் பழைய கோட்டையை நிமிர்த்தியது இந்தியாவில் சேர்ந்த கிளைவ் குடும்பத்துப் பணம். எட்வர்ட் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். இடையில், 1799இல், திப்பு சுல்தானின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. திப்பு கொல்லப்பட்டார். அவருடைய சிம்மாசனத்தை அலங்கரித்த தங்கப் புலித்தலைகளில் ஒன்றும், பூ வேலைப்பாடு கொண்ட அவருடைய பருத்திக் கூடாரமும் இன்று போவிஸில் இருக்கின்றன. அந்தக் கூடாரத்தைப் பிற்காலத்தில் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகக் கட்டினார்கள். இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் திடீரென்று தெரிந்துகொண்டால் மனம் அதிகமாகப் புண்படும்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். திப்புவின் பிள்ளைகளைக் கொண்டுவந்து காவலில் வைத்தது வேலூர்க் கோட்டையில். ஊரில் அப்பா எத்தனையோ மாணவர்களுக்குக் காட்டியிருக்கக்கூடிய, அந்தக் கோட்டைக்குள் இருக்கும் திப்பு மகாலின் கதை பாதிதான். மறுபாதி இந்த வேல்ஸ் குன்றின் மேல் இருக்கிறது. வரலாறு கற்பித்தவருக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேண்டுமா?

மகளுக்கும் ஒரு வழித்துணை உண்டு. 1800ஆம் ஆண்டில் ஹென்ரியெட்டா தன் இரு மகள்களோடு சென்னையிலிருந்து புறப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போய், திருச்சி, தஞ்சாவூர் வழியாகத் திரும்பினார். இளைய மகள் சார்லட், சார்லி என்று கூப்பிடுவார்கள், அந்தப் பயணத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். புறப்படும்போது அவளுக்கு வயது 12. உங்கள் மகளின் கையிலும் ஒரு நோட்டைக் கொடுத்துவிடுங்கள். தாத்தா சொல்வதையும் எழுதட்டும், பொருளுக்குப் பக்கத்தில் அச்சிட்டு வைத்திருப்பதையும் எழுதட்டும். இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டுகின்றன என்று அவளே கண்டுபிடிக்கட்டும். “இதெல்லாம் ஏன் இங்கே இருக்கிறது?” என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். அறைகளில் நிற்கும் தன்னார்வலர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். கோட்டையை 1952 முதல் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு, தன் இடங்களுக்குக் காலனி ஆட்சியோடு இருந்த தொடர்பைப் பற்றி 2020இல் ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. அங்கே இந்தக் கேள்வியைக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

இனி சின்னவன். நாலு வயதுப் பிள்ளையை முதலில் மங்கலான அறைகளுக்குள் கொண்டுபோனால் எல்லோருடைய பொழுதும் கெட்டுவிடும். (பழைய துணிகள் வெளிறாமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள்.) காலையில் தோட்டத்துக்குப் போங்கள். செங்கல் நிறக் கோட்டைக்குக் கீழே மலைச்சரிவை அடுக்கடுக்காக வெட்டி 300 ஆண்டுகளுக்கு முன் அமைத்த மேடைத் தோட்டம் அது. மேகம் இறங்கி உட்கார்ந்ததுபோல் பருத்து நிற்கும் யூ மரவேலிகளைக் கத்தரிக்கவே ஒவ்வோர் ஆண்டும் பல வாரங்கள் பிடிக்கும். மயில்களும் உலவும். அவன் ஓடி அலுத்த பிறகு, நீங்களோ கணவரோ அவனோடு வெளியில் இருந்துவிட, மற்றவர்கள் உள்ளே போகலாம். அறை அறையாக எல்லாவற்றையும் பார்த்தே ஆகவேண்டும் என்று நினைக்காதீர்கள். கிளைவ் சேகரிப்புக்கு நேரம் போதாமல் போனால்தான் வருத்தம்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சரிவும் படிகளும் அதிகம். இறங்குவதும் ஏறுவதும் மூட்டைப் பதம் பார்க்கும். மேல் மேடையிலேயே அவருக்கு ஒரு பெஞ்சு பார்த்துக்கொடுங்கள். செவர்ன் பள்ளத்தாக்கும் எதிர்மலைகளும் அங்கிருந்தே நன்றாகத் தெரியும். படியில்லாத வழி எது, தள்ளுவண்டியை எதுவரை கொண்டுபோகலாம் என்று முதல் நாளே போன் செய்து கேளுங்கள். தோட்டம் திறக்கும் நேரமும் கோட்டை திறக்கும் நேரமும் வேறாக இருக்கலாம், அதையும் விசாரியுங்கள். குடும்ப டிக்கெட் உண்டு. பர்மிங்காமிலிருந்து வெல்ஷ்பூலுக்கு நேரடி ரயில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து கோட்டை பக்கம்தான் என்றாலும் மேட்டுப் பாதை, அம்மாவுக்காக டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு ஆறு உருப்படிக்கும் வேண்டும், சின்னவனுக்கு ஒரு மாற்று உடையும்.

அப்பா ஏதாவது ஒரு பொருளின் முன்னால் நின்றுவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். மகளை அவரோடு விட்டுவிட்டு, நீங்கள் அடுத்த அறைக்குப் போங்கள்.